லென்ஸா, பில்டரா? பழுது எதில் என்று கண்டுபிடிப்பது எப்படி

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று படமெடுக்கிறேன். ஞாயிறு இரவானால் தொலைபேசி வரும். "அண்ணா, லென்ஸ் பழுதாப் போச்சு போல." சின்னப் பிள்ளைகள், சம்பளத்தில் மிச்சம் பிடித்து முதல் நல்ல லென்ஸை வாங்கியவர்கள். குரலிலேயே பயம் தெரியும். போய்ப் பார்த்தால் பல தடவை லென்ஸில் ஒரு குறையும் இருக்காது. காவலுக்கு என்று லென்ஸின் முன்னால் திருகிய வட்டக் கண்ணாடி, அந்த பில்டர்தான் வேலையைக் காட்டியிருக்கும்.

பில்டர் போடுவதா வேண்டாமா என்று என்னைக் கேட்டால், அடிக்கடி கழற்றிப் போடுகிறவருக்கு அது நல்ல காவல். வாங்கிய நாளில் திருகிவிட்டு மூன்று வருடம் தொடாமல் விட்டவருக்கு அதுவே பழுது. "யூவி" என்று விளிம்பில் எழுதியிருப்பதைப் பார்த்துக் கூடுதலாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். பிலிம் காலத்தில் அதற்கு ஒரு வேலை இருந்தது. டிஜிட்டல் கமராவில் படத்தைப் பதிகிற சென்சருக்கு முன்னால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி ஏற்கெனவே இருக்கிறது. இன்றைக்கு யூவி பில்டர் என்பது தூசி, உப்பு, கைரேகை மூன்றையும் மறிக்கிற ஒரு கண்ணாடி, அவ்வளவுதான்.

கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் முதல் சோதனை ஒன்றே. கமராவை முக்காலியில் அல்லது மேசையில் அசையாமல் வையுங்கள். பில்டரோடு ஒரு படம், பில்டரைக் கழற்றி அதே இடத்தில், அதே அளவுகளில் இன்னொரு படம். குறை இரண்டாவது படத்தில் இல்லையென்றால் லென்ஸுக்கு ஒன்றும் இல்லை. நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு மற்றதைப் பார்க்கலாம்.

ஆனால் இந்தச் சோதனைக்கே பில்டர் கழன்று வரவேண்டுமே. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அறிகுறி 1: பில்டர் கழற வரவில்லை

ஏசி மண்டபத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்தீர்களா? அப்படியென்றால் இருபது நிமிடம் சும்மா விடுங்கள். பில்டர் வளையமும் லென்ஸ் விளிம்பும் ஒரே சூட்டுக்கு வந்தபின் தானாகவே இளகிவிடுவது உண்டு.

காத்திருந்தும் வரவில்லையா? உங்கள் பிடியைப் பாருங்கள். எல்லோரும் செய்கிற பிழை, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் இரண்டு பக்கத்திலும் இறுக்கி நசுக்குவது. மெல்லிய வளையம் நசுங்கி முட்டை வடிவாகும், புரி இன்னும் இறுகும். ஐந்து விரலையும் வளையத்தைச் சுற்றிப் பரப்பி, மெதுவாகத் தொட்டு, இடப்பக்கமாகத் திருப்புங்கள். பலத்தைக் கூட்டுவதைவிடப் பிடியைப் பரப்புவதுதான் இங்கே உதவும்.

இதற்கும் மசியவில்லையா? சமையலறையிலிருந்து அகலமான இரப்பர் பட்டி ஒன்றை எடுத்து வளையத்தைச் சுற்றிப் போடுங்கள். பாத்திரம் கழுவுகிற இரப்பர் கையுறையும் நல்லது.

அதுவும் சரிவரவில்லையா? கழுவித் துடைத்த பாட்டா (இரப்பர் செருப்பு) ஒன்றை எடுங்கள். புதிது என்றால் இன்னும் நல்லது. லென்ஸைக் கமராவிலிருந்து கழற்றி, பின்மூடியைப் போட்டு, முகம் கீழே இருக்கும்படி பாட்டாவின்மேல் நேராக வையுங்கள். செருப்பின் இரப்பர், பில்டர் வளையத்தை முழு வட்டமாகப் பிடித்துக்கொள்ளும். லென்ஸின் முன்பகுதிக் குழாயைப் பிடித்து, மேலிருந்து பார்க்கும்போது மணிக்கூட்டு முள் போவதற்கு எதிர்ப்பக்கமாகத் திருப்புங்கள். சூம் வளையத்தைப் பிடித்து ஒருபோதும் முறுக்க வேண்டாம், உள்ளே உள்ள பற்கள் பலவீனமானவை. நான் கழற்றிக் கொடுத்த பில்டர்களில் பெரும்பாலானவை இந்தப் பாட்டா முறையில்தான் வந்தன. ஒரு எச்சரிக்கை: கண்ணாடி ஏற்கெனவே வெடித்திருந்தால் இதைச் செய்யக்கூடாது. அதற்கு அறிகுறி 5 இருக்கிறது.

கடைசியாக, பில்டர் கழற்றும் பிளாஸ்டிக் பிடிகள் சோடியாகக் கடைகளில் கிடைக்கும். உங்கள் லென்ஸின் அளவுக்கு வாங்க வேண்டும். 52, 58, 67, 72, 77, 82 மில்லிமீற்றர் என்று லென்ஸ் மூடியின் உள்பக்கத்திலோ லென்ஸ் விளிம்பிலோ எழுதியிருக்கும்.

எண்ணெய் மட்டும் விடாதீர்கள். தையல் மெசின் எண்ணெயோ துருநீக்கும் ஸ்பிரேயோ புரி வழியாக உள்ளே ஊர்ந்து கண்ணாடிக்கும், ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கிற அபர்ச்சர் தகட்டுக்கும் போய்ச் சேரும். அப்புறம் சின்னச் செலவு பெரிய செலவாகிவிடும்.

எப்போது ஆளிடம் கொடுக்க வேண்டும்: வளையம் எங்காவது நெளிந்திருந்தால், அல்லது கோணலாகப் புரி ஏறியிருந்தால். நெளிந்த வளையத்தை வெட்டி எடுக்க வேண்டிவரும். அது வீட்டில் அரிவாளோடு செய்கிற வேலை இல்லை.

கழன்றபின் ஒன்று செய்யுங்கள். திரும்பப் போடும்போது முதலில் எதிர்ப்பக்கமாகச் சுழற்றுங்கள். "டிக்" என்று புரி விழுகிற இடம் கைக்குத் தெரியும், அங்கிருந்து வலப்பக்கம் திருகுங்கள். முட்டுகிற இடத்தில் நிறுத்தி, கொஞ்சம் பின்னுக்கு எடுத்துவிடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை கழற்றிப் போடுங்கள். புதிதாக வாங்குவதென்றால் பித்தளை வளையம் உள்ளதைத் தேடுங்கள். அலுமினியத்தோடு அலுமினியம் ஒட்டிக்கொள்வதுபோல பித்தளை ஒட்டாது.

அறிகுறி 2: இரவுப் படத்தில் இல்லாத விளக்கு தெரிகிறது

பேரை வாவிக் கரையில் நின்று தாமரைக் கோபுரத்தை எடுத்தவர்கள் இதைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். கோபுரம் ஒளிர்கிறது, கறுத்த வானத்தின் இன்னொரு மூலையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ மங்கலான ஒரு பொட்டு. ஆடிவேல் இரதம் செட்டியார் தெருவில் வரும்போதும், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுவர்த்தி வரிசையை எடுக்கும்போதும் இதே கதை. மெழுகுவர்த்திகள் கீழே எரியும், அவற்றின் ஆவிபோல ஒரு தலைகீழ் வரிசை மேலே மிதக்கும்.

சோதனை இலகு. படத்தில் உண்மையான விளக்கிலிருந்து படத்தின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். பொய் விளக்கு அதே தூரத்தில் மறுபக்கம் இருந்தால், சென்சரில் பட்ட ஒளி திரும்பிப் போய்ப் பில்டரின் தட்டைக் கண்ணாடியில் மோதி மீண்டும் வந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். கழற்றி எடுங்கள். போய்விட்டதா? அன்றிரவு முழுக்கப் பில்டர் இல்லாமலே எடுங்கள். விலை கூடிய பில்டரும் இந்த இடத்தில் முழுதாகத் தப்பாது.

கழற்றியபின்னும் இருக்கிறதா? லென்ஸின் சொந்தப் பிரதிபலிப்பு. நிற்கிற இடத்தைக் கொஞ்சம் மாற்றி, விளக்கைச் சட்டத்தின் நடுவுக்கு அல்லது முழுதாக வெளியே தள்ளிப் பாருங்கள். இதற்காக எந்தத் திருத்துநரிடமும் போக வேண்டியதில்லை, லென்ஸின் இயல்பு அது.

பகலிலும் உள்ளறையிலும்கூட இது வந்தால், உங்கள் பில்டருக்குப் பிரதிபலிப்பைக் குறைக்கிற பூச்சே இல்லாமல் இருக்கலாம். எனக்கு அப்படி நடந்தது. புறக்கோட்டையில் ஒரு கடையில் "மல்ட்டி கோட்" என்று அச்சிட்ட பெட்டியில் 77 மில்லிமீற்றர் பில்டர் வாங்கி, அதோடு ஒரு கலியாணம் முழுவதையும் எடுத்தேன். தாலி கட்டுகிற படத்தில் குத்துவிளக்கின் சுடர் மாப்பிள்ளையின் நெற்றிக்கு மேலே இன்னொரு தடவை எரிந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு அந்த நிமிடம் திரும்பி வராது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் வருந்தும். அதனால் இந்தச் சோதனையைக் கடையில் வைத்தே செய்யச் சொல்கிறேன்: பில்டரை டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். விளக்கு வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தால் பூச்சு இல்லை. பச்சையாகவோ ஊதாவாகவோ மங்கித் தெரிந்தால் பூச்சு உண்டு. பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். நல்ல பல்லடுக்குப் பூச்சு அதை ஒரு சதவீதத்துக்கும் கீழே கொண்டுவரும். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளில் பில்டரை வைத்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் தாள் மஞ்சளாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

அறிகுறி 3: படம் முழுக்க வெளிறி, பால் ஊற்றியதுபோல் இருக்கிறது

முதலில் கண்ணாடியைப் பாருங்கள். எங்கள் கலியாண வீடுகளில் லென்ஸுக்கு வருகிற சோதனைகள் வேறெங்கும் வராது. பன்னீர் தெளிப்பார்கள், அறுகரிசி வந்து விழும், ஓமப் புகையோடு நெய் எழும்பி மெல்லிய பிசுக்காகப் படியும். ஓமத்துக்குக் கிட்ட ஒரு மணித்தியாலம் நின்றால் பில்டரில் விரல் வைத்தாலே வழுக்கும். இந்த மாதிரி வேலைக்குப் பில்டர் போடத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பிசுக்குப் பட்ட பில்டரைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு அடுத்த சடங்கை எடுக்கலாம். லென்ஸில் படிந்திருந்தால் நடுவில் நின்று துடைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

துடைக்கும் ஒழுங்கு முக்கியம். முதலில் காற்றுப் பந்தால் ஊதுங்கள், பிறகு மென் தூரிகை, அதன்பின் மைக்ரோபைபர் துணியில் இரண்டு சொட்டு லென்ஸ் திரவம் விட்டு நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றி. வேட்டிச் சால்வை நுனியால் துடைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சரிகை நூல் கண்ணாடியைக் கீறும்.

காலி முகத்திடலிலோ மரைன் டிரைவ் பக்கமோ எடுத்தீர்களா? தென்மேல் பருவக்காற்று அடிக்கிற மே முதல் செப்டெம்பர் வரை அங்கே அரை மணி நின்றால் உப்பு படிந்துவிடும். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத் தூள் உரைதாள் வேலை செய்யும். சுத்தமான தண்ணீரில் ஈரமாக்கிய துணியை ஒற்றி, உப்பைக் கரைத்து எடுத்தபிறகுதான் துடைக்க வேண்டும். பில்டர் என்றால் கழற்றிக் குழாய்த் தண்ணீரிலேயே கழுவலாம். கடற்கரையில் பில்டர் போடச் சொல்வதற்குப் பெரிய காரணமே இந்த வசதிதான்.

துடைத்தும் வெளிறலா? பக்கத்திலிருந்து வெயிலோ மண்டப விளக்கோ லென்ஸில் படுகிறதா என்று பாருங்கள். கையை நிழலாகப் பிடித்ததும் நிறம் திரும்பினால் லென்ஸின் முன்னால் மாட்டுகிற நிழல் குழாயான லென்ஸ் ஹூட் போடாததுதான் காரணம். பில்டர் இருந்தால் இது கூடும், ஏனென்றால் அந்தக் கண்ணாடி லென்ஸின் முகத்துக்கு முன்னால், ஒளி நேரே விழுகிற இடத்தில் நிற்கிறது.

எப்போது ஆளிடம்: பில்டர் இல்லை, கண்ணாடி சுத்தம், ஹூட் போட்டாயிற்று, இன்னும் பால் நிறம் என்றால் டோர்ச்சை லென்ஸின் பின்பக்கமிருந்து அடித்து முன்பக்கத்தால் சாய்வாகப் பாருங்கள். உள்ளே புகைபோல் ஒரு படலம் தெரிந்தால் கழற்றித் துடைக்க வேண்டும். அதைத் திருத்துநர் மட்டுமே செய்யலாம்.

அறிகுறி 4: தூரத்துப் படம் மட்டும் கூர்மையில்லை

பேரை வாவியில் கூழைக்கடாக்களை 300 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள நீளமான லென்ஸில் எடுக்கிறவர்கள் சொல்கிற குறை. ஷட்டர் வேகம் 1/500 செக்கனைவிட மெதுவாக இருந்திருந்தால் கையின் ஆட்டம்தான். நண்பகலில் தண்ணீருக்கு மேலால் எடுத்திருந்தால் கானல் அலை, காலை ஏழு மணிக்குப் போய் எடுத்துப் பாருங்கள்.

இரண்டும் இல்லையென்றால் பத்து மீற்றர் தூரத்தில் ஒரு பத்திரிகைத் தாளை ஒட்டி, முக்காலியில் வைத்து, பில்டரோடு ஐந்து, இல்லாமல் ஐந்து. ஒவ்வொரு முறையும் போக்கஸைக் குலைத்து மீண்டும் பிடியுங்கள். மலிவுப் பில்டரின் கண்ணாடி முழுச் சமதளமாக இருக்காது. அகலக் கோணத்தில் அது தெரியாது, நீளமான லென்ஸ் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பின்னணியில் உள்ள கிளைகள் இரட்டைக் கோடாகத் தெரிவதும் அதே குறைதான். நீளமான லென்ஸுக்கு ஒன்றில் நல்ல பில்டர், இல்லாவிட்டால் ஒன்றுமே வேண்டாம். அவற்றின் ஹூட் ஆழமானது, அதுவே போதிய காவல்.

பில்டர் இல்லாமலும் போக்கஸ் ஒரே பக்கமாக, எப்போதும் முன்னுக்கோ பின்னுக்கோ விழுந்தால், கமராவின் பட்டியலில் போக்கஸ் நுண்சரிசெய்தல் உண்டா என்று பாருங்கள். அதிலும் சரிவராவிட்டால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

மூலைகள் கறுப்பாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமான பதில்: 16, 18 மில்லிமீற்றர் அகலக் கோணத்தில் இரண்டு பில்டர்களை அடுக்கியிருப்பீர்கள். ஒன்றை எடுங்கள். பளபளப்பைக் குறைக்கிற போலரைசர் பில்டர் போடும்போது காவல் பில்டர் கீழே இருக்கத் தேவையில்லை. போலரைசரையே நிரந்தரக் காவலாக விடுவதும் பிழை, ஒன்றரை முதல் இரண்டு ஸ்டொப் வரை ஒளியைத் தின்றுவிடும் (ஒரு ஸ்டொப் என்றால் ஒளி பாதியாகும்).

அறிகுறி 5: விழுந்தது, பில்டர் வெடித்துவிட்டது

முதல் நிமிடத்தில் செய்கிற வேலைதான் லென்ஸைக் காப்பாற்றும். கமராவை உடனே முகம் கீழாகப் பிடியுங்கள். துடைக்க வேண்டாம். மூடி போட வேண்டாம். சூம் திருப்ப வேண்டாம். கண்ணாடித் துகள் லென்ஸின் முகத்துக்கும் பில்டருக்கும் நடுவில் கிடந்தால், ஒரு சின்ன அசைவிலேயே உழுதுவிடும். லென்ஸைக் கீறியது விழுந்த அடியாக இல்லாமல் உடைந்த பில்டராக இருப்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

முகம் கீழாகவே வைத்து, தளர்ந்த துண்டுகளைச் சாவணத்தால் எடுங்கள். மெதுவாக ஊதுங்கள். எல்லாம் விழுந்தபின் வளையம் விரலால் கழறுகிறதா என்று பாருங்கள். கழறினால் நல்லது. கழறாவிட்டால் அங்கேயே நிறுத்திவிட்டுத் திருத்துநரிடம் போங்கள்.

வளையம் வந்துவிட்டதா? டோர்ச் வெளிச்சத்தில் முன் கண்ணாடியைப் பாருங்கள். மயிர்க்கீறல் ஒன்றிரண்டு என்றால் மனதைத் தளரவிட வேண்டாம். அபர்ச்சரை எஃப் 16 வரை சுருக்கி, ஒரு விளக்கை நோக்கி ஒரு படம் எடுங்கள். அதில் தெரியாவிட்டால் வேறெந்தப் படத்திலும் தெரியாது. ஆழமான சில்லு போயிருந்தால், அந்தப் பள்ளத்துக்குள் மட்டும் கறுப்பு மை ஒரு பொட்டு வைக்கலாம். ஒளி சிதறுவது நிற்கும், படத்தில் அது தெரியாது.

அடுத்த சோதனையை யாரும் செய்வதில்லை, ஆனால் இதுதான் முக்கியமானது. ஒரு செங்கல் சுவருக்கு நேரே நின்று, அபர்ச்சரை முழுதாகத் திறந்து எடுங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே கூர்மையா? ஒரு பக்கம் கரைந்திருந்தால் உள்ளே ஒரு கண்ணாடி இடம் விலகிவிட்டது. முன்முகம் கண்ணாடிபோலப் பளபளத்தாலும் லென்ஸ் பழுதுதான், திருத்துநரிடம் கொடுக்க வேண்டும்.

"பில்டர் உடைந்ததால்தான் லென்ஸ் தப்பியது" என்று பலர் சொல்வதை நான் முழுதாக நம்புவதில்லை. பில்டர் கண்ணாடி மெல்லியது. லென்ஸின் முன் கண்ணாடி தடித்தது. அந்தத் தடித்த கண்ணாடி தாங்கியிருக்கக்கூடிய அடிக்கும் பில்டர் உடையும். விழுகிற அடியைத் தாங்குவது ஹூட். மண்டபத்துக்குள் பிள்ளைகள் ஓடித்திரிகிற இடத்தில் நான் பில்டர் போட மறந்தாலும் ஹூட் போட மறப்பதில்லை.

அறிகுறி 6: ஏசி மண்டபத்தை விட்டு வந்ததும் பனி படிகிறது

கொழும்பில் கலியாணம் எடுக்கிற எல்லோருக்கும் தெரிந்தது. பொம்பிளை மாப்பிள்ளையை வாசலில் நிறுத்திவிட்டுக் கமராவைத் தூக்கினால் வெள்ளைத் திரை.

வெளிப்பக்கத்தில் மட்டும் படிந்ததா? பொறுங்கள், தேய்த்தால் உடனே மீண்டும் படியும். அவசரமென்றால் பில்டரைக் கழற்றுங்கள். குளிர்ந்திருந்தாலும் அதற்குப் பின்னால் உள்ள லென்ஸ் அந்த நிமிடம் தெளிவாக இருக்கும். சில நொடிகளில் அதிலும் படியத் தொடங்கும், அதற்குள் இரண்டு படம் எடுத்துவிடலாம்.

பில்டருக்கும் லென்ஸுக்கும் நடுவில் படிந்ததா? துணியால் எட்டாது. கழற்றி, காற்றில் உலரவிட்டு, ஈரம் முழுதாகப் போனபின்தான் திருகலாம். ஈரத்தோடு மூடினால் அடுத்த அறிகுறிக்கு நீங்களே விதை போடுகிறீர்கள்.

வராமல் தடுக்க, வெளியே வருவதற்கு இருபது நிமிடம் முன்னரே கமராவை இறுக்கமாகக் கட்டிய பொலித்தீன் பைக்குள் வைத்து வெளியே அனுப்பிவிடுங்கள். பனி பையில் படியும், கமராவில் படியாது. லென்ஸின் உள்கண்ணாடிகளில் பனி தெரிந்து அரை நாளாகியும் போகாவிட்டால் ஆளிடம் காட்டுங்கள்.

மழையில் எடுப்பவர்களுக்கு ஒரு சொல். கெனனின் 17-40 எல் போன்ற சில லென்ஸ்களில் முன்னால் பில்டர் போட்டால்தான் நீர்த்தடுப்பு முழுமையாகும் என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கிறார்கள். உங்கள் லென்ஸின் கைநூலைப் பாருங்கள். அப்படி இருந்தால் மழையில் விவாதத்துக்கு இடமில்லை, போடுங்கள்.

அறிகுறி 7: சிலந்திவலைபோல் நூல்கள்

பங்கஸ், அதாவது பூஞ்சணம். எங்கள் ஊர்க் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 70 சதவீதத்துக்கு மேல். லென்ஸ் கேட்பது 40 முதல் 50.

பில்டரைக் கழற்றுங்கள். நூல்கள் பில்டரின் உள்முகத்தில் மட்டுமா? பில்டரை எறிந்துவிடுங்கள், லென்ஸைக் கூர்ந்து பாருங்கள். லென்ஸின் முன்முகத்திலும் தொடங்கியிருந்தால் லென்ஸ் திரவமும் புதிய டிஷூவும் கொண்டு இரண்டு மூன்று தடவை துடைக்கலாம், ஒவ்வொரு தடவைக்கும் புதிய தாள். அந்த லென்ஸை மற்றவற்றோடு ஒரே பையில் வைக்க வேண்டாம்.

துடைத்தபின்னும் தடம் இருக்கிறதா? பங்கஸ் பூச்சை அரித்துவிட்டது. அது திரும்பாது, ஆனால் சின்னத் தடம் படத்தைக் கெடுப்பது அரிது.

துணிக்கு எட்டாத உள்கண்ணாடியிலா? அன்றே திருத்துநரிடம் கொடுங்கள், மாதம் கடத்தினால் பரவும். கொடுக்கும்போது ஒன்று கேளுங்கள்: பங்கஸ் தனிக் கண்ணாடியிலா, ஒட்டிய இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவிலா? தனிக் கண்ணாடி என்றால் திறந்து துடைக்கலாம். ஒட்டியவற்றின் நடுவில் என்றால் பிரிப்பது மிகக் கடினம், பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

ஈரத்தைக் கட்டுப்படுத்துகிற ட்ரை கபினெட் வாங்க வசதி இல்லாவிட்டால், இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி போதும். அரிசிப் பானைக்குள் வைக்கச் சொல்வார்கள், வைக்காதீர்கள், தவிட்டுத்தூள் புகும். தோல் பையும் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைக்கும். பெட்டிக்குள் வைக்குமுன் பில்டரைக் கழற்றி, லென்ஸும் பில்டரும் தனித்தனியாகக் காற்றுப்பட ஓர் இரவு கிடக்கட்டும். என் பெட்டியில் பில்டர்கள் ஒரு தட்டில், லென்ஸ்கள் இன்னொரு தட்டில். சனிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போதுதான், எங்கே போகிறேன் என்று பார்த்து, போடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பேன்.